இரவு மூன்று மணிக்கு யாரை எழுப்புவது? அக்கம்பக்கத்துப் பெயர்ப் பட்டியல் பற்றிக் கொஞ்சம் பேசலாம்

செந்தூல்_நாலாவதுமாடி

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு பாட்டி விடிகாலை மூன்று மணிக்குத் தவறிவிட்டார். வீட்டில் மகள் மட்டும்தான். அந்த அக்கா முதலில் தட்டியது எங்கள் கதவை. நானும் மனைவியும் ஓடினோம். போய் நின்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டிலேயே உயிர் பிரிந்தால் போலீஸ் நிலையத்தில் சொல்லி அடக்க அனுமதி வாங்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். ஐஸ் பெட்டி யாரிடம் கேட்பது? தேவாரம் பாட யார் வருவார்? பந்தல் போடுபவர் யார்? அன்றைக்கு லிப்ட் வேறு ஓடவில்லை. பாட்டியைக் கீழே இறக்க எந்த நாலு பேரை எழுப்புவது? பதினேழு மாடி, முந்நூறுக்கு மேல் வீடு. பதினோரு வருடமாக இங்கே குடியிருக்கிறேன். அந்த நேரத்தில் நான் உரிமையோடு தட்டக்கூடிய கதவு நாலோ ஐந்தோதான் இருந்தது.

முன்பு தரைமாடியில் ஒரு ஐயா இருந்தார். இரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு 555 நோட்டு வைத்திருப்பார். மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அதே சின்ன நோட்டுதான். அதில் பென்சிலால் எண்களை எழுதியிருப்பார். நானே பார்த்திருக்கிறேன். 'பூட்டு உடைப்பவர், சீனர், ஜாலான் ஈப்போ, நியாயமாக வாங்குவார்.' 'ஐஸ் பெட்டி, இரவிலும் எடுப்பார், இரண்டு முறை அடி.' 'தேவாரம், 11ஆம் மாடி அம்மா, வெள்ளிக்கிழமை கோயிலில் இருப்பார்.' எண்ணோடு அந்த ஆளின் குணத்தையும் சேர்த்து எழுதி வைத்த மனிதர். ஐயா தவறி இரண்டு வருடம் ஆகிறது. வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பரோடு பேப்பராக அந்த நோட்டும் போய்விட்டது.

அன்று காலை ஆறரை மணிக்குத்தான் ஐஸ் பெட்டி வந்தது. மூன்றரை மணி நேரம் அந்த அக்கா அம்மாவின் தலைமாட்டில் தனியாக உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த நோட்டைப் புளோக்குக்கே பொதுவாக மறுபடியும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் இடத்தில் இப்படி யாராவது செய்திருக்கிறீர்களா? எங்கே தொடங்கினீர்கள்?

கெப்போங்_தம்பி

அண்ணே, படிக்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. புளோக்குக்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழு இல்லையா? எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், குழு இருக்கிறது. 'பிளம்பர் யாராவது?' என்று போட்டால் ஐந்து நிமிடத்தில் நாலு எண் வந்துவிடும். தனியாக ஒரு பட்டியல் எதற்கு?

செந்தூல்_நாலாவதுமாடி

இருக்கிறது தம்பி. அன்றிரவு மூன்று பத்துக்கு அதில் போட்டேன். முதல் பதில் ஐந்தே முக்காலுக்கு வந்தது. தூங்குகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு முன்னால் யாரோ ஐஸ் பெட்டி எண்ணை அதே குழுவில் போட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. காலை வணக்கப் படங்கள், நகைக்கடைச் சலுகை, காணாமல் போன பூனை என்று எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடந்திருக்கிறது. புளோக்கில் பாதிப் பேர், அதிலும் வயதானவர்கள், அந்தக் குழுவிலேயே இல்லை.

பிறைக்காரி

அண்ணா சொல்வது சரி. நான் பினாங்கு மாநிலத்தில் பிறை என்ற ஊர்ப் பக்கம். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் காற்றும் மழையும் சேர்ந்து வெளுத்து வாங்கியதே, நினைவிருக்கிறதா? விடிவதற்குள் எங்கள் வரிசை வீடுகளில் முட்டிக்கு மேல் தண்ணீர். மின்சாரம் போய்விட்டது. மதியத்துக்குள் கைப்பேசிகளும் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. புலனக் குழுவில் எத்தனை பேர் இருந்து என்ன பயன்?

அன்றைக்குக் கைகொடுத்தது ஒரு தாள். கோயில் திருவிழாவுக்கு அன்னதான உபயம் எழுதும்போது ஒரு அக்கா வீட்டு வரிசைப்படி பெயர்களை எழுதி வைத்திருந்தார். எந்த வீட்டில் எத்தனை பேருக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டும், எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று ஓரத்தில் குறித்திருந்தார். உபயத்துக்கு எழுதிய அந்தத் தாளை வைத்துக்கொண்டு எங்கள் பையன்கள் வீடு வீடாகப் போனார்கள். படுத்த படுக்கையாக இருந்த இரண்டு பேரை மெத்தையோடு தூக்கி, மேட்டில் இருந்த சூராவில், அதாவது முஸ்லிம்களின் சிறிய தொழுகை இடத்தில், கொண்டுபோய் வைத்தார்கள். சூராவ் பொறுப்பாளர் கேட்காமலே கதவைத் திறந்துவிட்டார்.

வெள்ளம் வடிந்த பிறகு அந்தத் தாளை நன்றாக எழுதினோம். இரண்டு பகுதி. ஒன்று, உதவி தேவைப்படக்கூடிய வீடுகள். இன்னொன்று, கை கொடுக்கக்கூடியவர்கள்: உயரமான வண்டி வைத்திருப்பவர், தாதியாக வேலை பார்ப்பவர், பெரிய சமையல் பாத்திரம் உள்ளவர், ஜெனரேட்டர் உள்ள கடைக்காரர். வெள்ளத்துக்காக எழுதியதுதான், ஆனால் பெரும்பாலும் பயன்பட்டது வேறு காரியங்களுக்கு. எங்கள் தாமானில் டயாலிசிஸ் போகிறவர்கள் ஐந்து பேர். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். போகும்போது எப்படியாவது போய்விடுவார்கள். திரும்பும்போது உடம்பில் தெம்பு இருக்காது, பஸ்ஸுக்கு நிற்க முடியாது. பட்டியலைப் பார்த்த பிறகுதான் இரண்டு பேர் ஒரே மையத்துக்கு, ஒரே நேரத்துக்குப் போகிறார்கள் என்பதே தெரிந்தது. அடுத்தடுத்த தெருவில்தான் வீடு. இப்போது ஒரே வண்டியில் போய் வருகிறார்கள்.

ஆகவே அண்ணா, தாளில் எழுதுங்கள். கைப்பேசியிலும் இருக்கட்டும், ஆனால் தாள் கட்டாயம்.

பழைய_பெரட்டு

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நான் தோட்டத்தில் பிறந்தவன். விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், எல்லோரும் நிற்க வேண்டும். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தைத் திறந்து பெயர் கூப்பிடுவார். ஒரு பெயருக்குக் குரல் வரவில்லை என்றால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். 'என்னாச்சு அவனுக்கு? காய்ச்சலா?' அந்தப் புத்தகம் சம்பளக் கணக்குக்காக வெள்ளைக்காரத் துரை வைத்தது. நம்மை நன்றாகக் கசக்கிப் பிழிந்த கணக்கும் அதே புத்தகத்தில்தான் இருந்தது, அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் ஒருவன் வராவிட்டால் தெரியும். சாயங்காலம் லயத்து வாசலில் யாராவது கஞ்சியோடு நிற்பார்கள்.

தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது சனங்கள் கோலாலம்பூர்ப் பக்கம் வந்தார்கள். முதலில் ஆற்றோரக் கம்பங்கள் (கிராமக் குடியிருப்புகள்), அப்புறம் அடுக்குமாடி வீடுகள். கம்பத்திலாவது வாசல் வாசலைப் பார்த்தபடி இருக்கும். அடுக்குமாடிக்கு வந்ததும் இரும்புக் கதவும் பூட்டும்தான். ஒரே தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களையும் குலுக்கல் போட்டு வேறு வேறு மாடியில் வைத்தார்கள். ஒருத்தன் ஒரு வாரம் வெளியே வரவில்லை என்றாலும் இப்போது யாருக்குத் தெரியும்?

அதனால் தம்பி, நீங்கள் எழுதப்போகும் பட்டியலில் கடைக்காரர் எண் மட்டும் இருந்தால் போதாது. குடியிருக்கும் ஆட்களின் பெயர் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறையாவது ஒருவர் அந்தப் பெயர்கள் மேல் கண்ணை ஓட்ட வேண்டும்.

அடுப்படி_அக்கா

ஐயா சொல்வது மனசைத் தொடுகிறது. ஆனால் ஒரு பெண்ணாக எனக்கு இதில் பயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது.

நான் வீட்டில் சமைத்துக் கொடுக்கிறவள். இட்லி, இடியாப்பம், விசேஷங்களுக்குச் சாப்பாடு. மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் வட்டாரத்துக்காரர் ஒருவர் 'நம் பகுதிச் சிறுதொழில் பட்டியல்' என்று முகநூலில் போட்டார். நல்ல எண்ணம்தான். என்னைக் கேட்காமலே என் பெயர், கைப்பேசி எண், வீட்டு எண், 'கணவர் இல்லை, தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிறார், ஆதரவு கொடுங்கள்' என்றுகூட எழுதிவிட்டார். ஆர்டர் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கூடவே இரவு பதினொரு மணிக்குக் கண்ட ஆண்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். போலீஸ் அதிகாரி என்று ஒருவன் பேசி, என் பெயரில் வழக்கு இருக்கிறது, பணம் கட்டு என்று மிரட்டினான். வீட்டு எண்ணையும் சரியாகச் சொன்னான். நான் நடுங்கிப்போய்விட்டேன். நல்லவேளை, பக்கத்து வீட்டுத் தங்கச்சி கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டாள். இந்த மாதிரி நடந்து பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைக்க வேண்டும் என்பதையும் அவள்தான் சொன்னாள். எல்லோரும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதிவை எடுக்கச் சொல்லி எடுத்தார்கள். ஆனால் யார் யார் படம் பிடித்து வைத்திருக்கிறார்களோ! கடைசியில் எண்ணையே மாற்ற வேண்டியதாயிற்று. எண்ணோடு என் பழைய வாடிக்கையாளர்களும் போனார்கள்.

கணக்குப்பிள்ளை

அக்கா, உங்களுக்கு நடந்தது தவறு. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது வணிக நடவடிக்கைகளுக்காக எழுதப்பட்டது. நாலு அண்டை வீட்டார் கூடி எழுதும் நோட்டு அதற்குள் வருமா என்று வாதம் செய்துகொண்டிருக்கலாம். ஆனால் அதில் உள்ள ஏழு கொள்கைகளைப் படித்தால், சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் மரியாதைக்காக நாம் கடைப்பிடிக்க வேண்டியவை. கேட்டு வாங்கு. எதற்கு என்று சொல். சொன்ன காரியத்துக்கு மட்டும் பயன்படுத்து. பத்திரமாக வை. சரியாக வை. தேவை முடிந்தால் அழி. கேட்டால் காட்டு.

நான் ஒரு கொண்டோவில் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். 'நிர்வாக அலுவலகத்தில்தான் எல்லோருடைய எண்ணும் இருக்கிறதே, கொடுங்கள்' என்று நிறையப் பேர் கேட்பார்கள். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், அதாவது 757ஆவது சட்டம், உரிமையாளர்களின் பதிவேடு வைக்கச் சொல்கிறது. அது பராமரிப்புக் கட்டணத்துக்கும் கூட்ட அறிவிப்புக்கும்தான். அதை எடுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க நான் ஒப்பமாட்டேன். கொடுத்தாலும் பயனில்லை. எங்கள் கட்டடத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கு இருப்பவர்கள். இரவு மூன்று மணிக்கு அங்கே தூங்குகிறவர் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்காது. செந்தூல் அண்ணனுடையது மாநகராட்சி வாடகை வீடு என்று நினைக்கிறேன். மாதம் 124 ரிங்கிட் கட்டுகிற வீடுகள்தானே? அங்கே ஜேஎம்பி என்ற கூட்டு நிர்வாகக் குழுவும் இருக்காது.

அங்கே ருக்குன் தெத்தாங்கா என்ற அண்டை அயலார் அமைப்பு இருக்கிறதா பாருங்கள். 1975இலிருந்து நடக்கும் திட்டம், 2012இல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. பலரும் அதை இரவு ரோந்து என்று மட்டும் நினைக்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் அவர்களிடம் ஒரு அறை இருக்கிறது, பூட்டும் அலமாரி இருக்கிறது, மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்று இனத்தாரும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். பட்டியலின் மூலப் பிரதியை வைக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுப்படி_அக்கா

நன்றி தம்பி. நான் பட்டியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியே ஒட்டுவது ஒன்று, உள்ளே வைப்பது ஒன்று என்று இரண்டாகப் பிரியுங்கள். தொழில் செய்கிறவர் பெயர், தொழில், அழைக்கலாம் என்று அவரே சொன்ன நேரம், இவை அறிவிப்புப் பலகையில் இருக்கலாம். யார் தனியாக இருக்கிறார், யாருக்கு என்ன நோய், இதெல்லாம் பலகைக்குப் போகவே கூடாது. அது இரண்டு மூன்று பேர் கையில் மட்டும் இருக்கட்டும். அந்த இரண்டு மூன்று பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அடையாள அட்டை எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_செவி

எனக்குப் பார்வை இல்லை. பார்வையற்றோர் சங்கத்துக்குப் பக்கத்தில்தான் இருபது வருடமாக இருக்கிறேன். உடம்பு பிடித்துவிடும் தொழில். இந்த இழையைக் கைப்பேசி வாசிக்க, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பட்டியலை அழகாக வடிவமைத்துப் படமாகப் போடாதீர்கள். படத்தில் இருக்கும் எழுத்தை என் கைப்பேசி பல நேரம் 'படம்' என்று மட்டும் சொல்லி விட்டுவிடும். தமிழ் எழுத்தாக இருந்தால் இன்னும் கஷ்டம். அதே விஷயத்தைச் சாதாரண எழுத்தாகக் குழுவில் போட்டால் ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொள்வேன், எண்ணைத் தொட்டால் அழைப்பு போய்விடும். எங்கள் தெருவில் ஒருவர் ஆசையாக வண்ணப் பட்டியல் செய்தார். அதில் என் பெயரும் இருந்ததாம். எனக்கே அது யாரோ படித்துச் சொல்லித்தான் தெரிந்தது.

இன்னொன்று. உதவி தேவைப்படுவோர் என்ற பக்கத்தில் எங்களைப் போன்றவர்களை எழுதுவீர்கள். சரி. கை கொடுப்போர் பக்கத்திலும் எழுதுங்கள். கைகால் பிடிப்பு, சுளுக்கு, முதுகுவலி என்றால் நான் வருவேன். மின்சாரம் போன இருட்டில் படிக்கட்டில் ஆட்களை இறக்க வேண்டுமானால் உங்களைவிட நான் வேகமாக இறங்குவேன்.

செந்தூல்_நாலாவதுமாடி

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. நிச்சயமாக எழுத்தாகத்தான் போடுவேன். இரண்டு பக்கத்திலும் ஒருவர் பெயர் வரலாம் என்பதையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

வயரிங்_வாத்தியார்

தொழில்காரர் எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. என் தங்கை வீட்டில் ஏர்கண்டிஷன் மாட்ட, யாரோ பட்டியலில் போட்ட எண்ணை அழைத்தார்கள். வந்தவர் வேலையை முடித்துப் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரத்தில் பிளக் உருகிப் புகை வந்தது. நான் போய்த் திறந்து பார்த்தால், மெல்லிய வயரைப் போட்டு, இணைப்பில் வெறும் டேப் சுற்றியிருக்கிறார். மின்கம்பி வேலைக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் வர வேண்டும். அந்த அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு வெட்கம். வெட்கப்படாதீர்கள். முறையாகப் படித்தவன் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவான்.

பட்டியலில் சேர்க்கும் முன் அவரிடம் வேலை வாங்கிய இரண்டு வீடுகளாவது 'ஆம், செய்தார்' என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னவர் எந்த மாடி என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். உறவுக்காரர் என்பதற்காக எழுதிவிடக் கூடாது. அதேபோல் கடைசியாக எப்போது எண்ணை அழைத்துச் சரிபார்த்தோம் என்ற மாதத்தையும் எழுதுங்கள்.

கெப்போங்_தம்பி

இதற்கு நட்சத்திரம் கொடுக்கும் முறை வைக்கலாமே அண்ணே? ஐந்துக்கு எத்தனை என்று.

வயரிங்_வாத்தியார்

வேண்டாம் தம்பி. கூகுளில் பெரிய கடைக்கு நூறு பேர் நட்சத்திரம் போடுவார்கள், ஒருவர் குறைத்தாலும் தெரியாது. எட்டாவது மாடியில் தையல் தைக்கும் அம்மாவுக்கு மூன்று பேர்தான் போடுவார்கள். அதில் ஒருத்தி ஜாக்கெட் கை இறுக்கம் என்று ஒன்று போட்டால் அந்த அம்மா பிழைப்பு போய்விடும். அப்புறம் லிப்டில் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பது? குறை இருந்தால் நேரில் சொல்லலாம், அண்டை வீடுதானே. அபாயமான வேலை செய்தவரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆயர்ஈத்தாம்_தங்கை

பினாங்கிலிருந்து நானும் ஒன்று சொல்கிறேன். 2021 ஜூலையில், கொரோனா முடக்கத்தின்போது, வெள்ளைக் கொடி நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். வேலை இல்லை, சாப்பாடு இல்லை என்றால் சன்னலில் வெள்ளைத் துணி கட்டுங்கள், வெட்கப்படாதீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கே கொடி இருக்கிறது, எங்கே உணவு வங்கி இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும் கித்தா ஜாகா போன்ற இணையப் பக்கங்களையும் இளைஞர்கள் சில நாளிலேயே செய்து போட்டார்கள். நாங்கள் நாலு தோழிகள் அதைப் பார்த்து அரிசி, பருப்பு, மைலோ என்று கொண்டுபோய்க் கொடுத்தோம். எத்தனையோ குடும்பம் அதனால் சாப்பிட்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் எங்கள் புளோக்கிலேயே, எனக்கு இரண்டு மாடி கீழே, ஒரு குடும்பம் கொடி கட்டவில்லை. அப்பா பள்ளி வேன் ஓட்டுபவர். பள்ளியே இல்லாதபோது வேன் எங்கே? 'நம் வீட்டில் துணி தொங்கினால் பிள்ளைகளுக்குப் பிறகு கல்யாணப் பேச்சில்கூடச் சொல்லிக்காட்டுவார்கள்' என்று அந்த அம்மா நினைத்திருக்கிறார். வெறும் ரொட்டியும் தேநீருமாக மூன்று வாரம். எப்படித் தெரிந்தது தெரியுமா? ஒரு ஆசிரியை பள்ளி வேன் ஓட்டுநர் எண்களைப் பழைய பட்டியலில் வைத்திருந்தார். எப்போது பள்ளி திறக்கும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல அழைத்தபோது, குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். எனக்குச் சொன்னார். அன்றைக்கு இரவே பொருள்களை அவர்கள் கதவில் மாட்டிவிட்டு மணியை அடித்துவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

கொடி கட்ட மனம் வராதவர்களை யார் தேடிப் போவது? அந்தப் பழைய ஓட்டுநர் பட்டியல் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. இரண்டு மாடிதான் இடைவெளி.

கூட்டாளி_ஜிஞ்சாங்

எல்லாம் சரி. நம் சமூகத்துக்கென்று ஒரு பட்டியல் போடும்போது நம்மவர் கடை, நம்மவர் தொழில் மட்டும் போடலாமே. நம் பணம் நம்மிடம் சுற்றட்டும். மற்றவர்களுக்கு அவர்கள் பட்டியல் இருக்கும்தானே?

பிறைக்காரி

அண்ணா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. நம் பிள்ளைகளின் சின்னத் தொழில்கள் கண்ணில் படுவதில்லை என்பது உண்மை. அவர்களை முதலில் எழுதுவோம். ஆனால் வெள்ளத்தில் எங்களைத் தாங்கியது சூராவ். ஜெனரேட்டர் கொடுத்தவர் சீன வன்பொருள் கடைக்காரர். என் தங்கை பிள்ளை பெற்றபோது நாற்பது நாள் வந்து வயிறு கட்டி, உடம்பு பிடித்துவிட்டவர் பக்கத்துத் தெரு மக்சிக், அதாவது மலாய் அம்மா. அவர் எண் இல்லாமல் எங்கள் பட்டியல் எப்படி முழுமையாகும்? தெரு என்றால் தெருவில் இருக்கும் எல்லோரும்தான்.

பழைய_பெரட்டு

செந்தூல் ஐயாவின் நோட்டிலேயே பூட்டு உடைப்பவர் சீனர் என்று இருந்ததே. அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

கூட்டாளி_ஜிஞ்சாங்

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள், சீனத்தில் எழுத யாராவது கிடைத்தால் அதையும் சேருங்கள். நம் மொழி அதில் விடுபடக் கூடாது என்பது மட்டும் என் வேண்டுகோள். என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

செந்தூல்_நாலாவதுமாடி (எட்டு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் கூகுள் படிவம் ஒன்று செய்து புலனக் குழுவில் போட்டோம். பத்து நாளில் பதினோரு பேர் நிரப்பினார்கள். மனம் சோர்ந்துவிட்டது. அப்புறம் மனைவிதான் சொன்னாள், 'நம் வீட்டுக்கு யாராவது லிங்க் அனுப்பினால் நாம் நிரப்புவோமா? போய் வாசலில் நில்லுங்கள்.' சனி, ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஏழு மணி வரை மாடி மாடியாகப் போகத் தொடங்கினோம். நான், மனைவி, ஒன்பதாவது மாடி மலாய் ஆசிரியர், அவர் மகள். நாலு பேராகப் போனதால் கதவு திறந்தது. நான் தனியாகப் போன முதல் நாள் யாரும் திறக்கவில்லை.

ஒரு மாடிக்கு ஒரு மணி நேரம் என்று நினைத்தோம். இரண்டு நாள் ஆகிறது. உட்காரச் சொல்கிறார்கள், தேநீர் போடுகிறார்கள், லிப்டைப் பற்றிக் குறை சொல்கிறார்கள், மகனின் கல்யாண ஆல்பத்தைக் காட்டுகிறார்கள். கடைசியாகத்தான் பெயரும் எண்ணும். சிலர் 'வேண்டாம்' என்றார்கள். சரி என்று வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அப்படி வேண்டாம் என்ற ஒருவர் மறுவாரம் லிப்டில் பார்த்து, 'என் எண்ணையும் எழுதிக்கொள், நான் ஆம்புலன்ஸ் ஓட்டியவன்' என்றார். பதினேழு மாடியில் இன்னும் பல மாடி பாக்கி இருக்கிறது.

அடுப்படி அக்கா சொன்னபடி இரண்டு பிரிவு. பலகையில் ஒட்டியதில் தொழிலும் நேரமும் மட்டும். உள்பட்டியல் மூன்று பேரிடம் இருக்கிறது: மலாய் ஆசிரியர், என் மனைவி, பதினாலாவது மாடியில் இருக்கும் சீனத் தாதி ஒருவர். ஒவ்வொரு மாடிக்கும் ஒருவர் மாதத்தின் முதல் ஞாயிறு தன் மாடிப் பெயர்களைப் பார்த்து, வீடு மாறியவரை அடித்துவிட்டுப் புதியவரை எழுத வேண்டும். முதல் மாதத்திலேயே நாலு எண் செத்துப்போயிருந்தது. வாத்தியார் சொன்ன மாத முத்திரை இல்லாவிட்டால் கவனித்திருக்க மாட்டோம். பிரிக்பீல்ட்ஸ் ஐயா சொன்னபடி சாதாரண எழுத்திலும் போட்டிருக்கிறோம்.

குறையும் உண்டு. இரண்டு சமையல்காரர்களுக்குள் யார் பெயர் முதலில் என்று மனத்தாங்கல் வந்தது. மாடி வரிசைப்படி எழுதிச் சமாதானம் செய்தோம். வங்காளதேசத் தம்பிகள் தங்கியிருக்கும் வீடுகளில் இன்னும் பெயர் கொடுக்கப் பயப்படுகிறார்கள். அவர்களை வற்புறுத்தவில்லை. ஆனால் அவர்களில் ஒருவர், 'கனமான சாமான் தூக்க வேண்டுமானால் கதவைத் தட்டுங்கள், பெயர் வேண்டாம்' என்றார். அதை அப்படியே எழுதியிருக்கிறோம்.

போன ஞாயிறு அந்த அக்கா வீட்டுக்குப் போனோம், பாட்டி தவறிய வீட்டுக்கு. எப்படிக் கேட்பது என்று தயங்கி வாசலில் நின்றோம். அவரே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தாளை வாங்கிப் பார்த்தார். உதவி தேவைப்படுவோர் பக்கத்தைத் தள்ளிவிட்டு, கை கொடுப்போர் பக்கத்தை எடுத்தார். நான் பேனாவை நீட்டினேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து எழுதினார்:

'சாவு வீடு. அனுமதி, ஐஸ் பெட்டி, பந்தல், எல்லா எண்ணும் என்னிடம் இருக்கிறது. நானே கூட வருவேன். எந்த நேரமும் தட்டலாம்.'